கீழிருந்து கேட்பது



இந்த உரைக்கான அழைப்பிதழ் கைக்குப் போனதும் இரண்டு நண்பர்கள் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மதுரையில் ஜாஸ் இசையைப் பற்றி, அதிலும் டபுள் பேஸ் என்ற ஒரே வாத்தியத்தைப் பற்றி, ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு இருபது வருடமாக மனதில் கிடக்கிற பேச்சு இது. நம் காதுக்கும் அந்த வாத்தியத்துக்கும் நடுவே ஒரு பழைய உறவு இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கேசட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, பம்பாயில் வேலை பார்த்த என் சித்தப்பா லீவுக்கு வரும்போது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைப் பதிவு செய்து கொண்டுவந்தார். 1959இல் நியூயார்க்கில் இரண்டே அமர்வுகளில் பதிவான ஆல்பம். எங்கள் வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டர். முதல் உருப்படி 'ஸோ வாட்'. பியானோ எங்கேயோ தூரத்தில் தடவிப் பார்ப்பதுபோல் ஆரம்பிக்கும். பிறகு கொஞ்ச நேரம் ஏதோ முணுமுணுப்பு. அதன்பின் இரண்டு அடி. மறுபடி முணுமுணுப்பு, மறுபடி இரண்டு அடி. எனக்கு அந்த இரண்டு அடிதான் பாட்டு. நடுவில் இருப்பது டேப்பின் இரைச்சல் என்றே நினைத்திருந்தேன்.

பல வருடங்கள் கழித்து சென்னையில் ஒரு நண்பர் அறையில், நல்ல ஹெட்ஃபோனில், அதே உருப்படியைக் கேட்டேன். நான் இரைச்சல் என்று தள்ளியதுதான் பல்லவி! பால் சேம்பர்ஸ் என்கிற இருபத்து மூன்று வயது இளைஞர் டபுள் பேஸில் ஒரு கேள்வி கேட்கிறார். அதற்கு மற்றவர்கள் சொல்லும் பதில்தான் அந்த இரண்டு அடி. அத்தனை வருடமாக நான் பதிலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கேள்வி என் காதில் விழவே இல்லை. அன்றிலிருந்து எந்த ஜாஸ் ஆல்பத்தைப் போட்டாலும் முதலில் கீழே என்ன நடக்கிறது என்றுதான் கேட்பது. நான் இன்று சொல்ல வந்ததும் அவ்வளவுதான்: ஜாஸ் நமக்குப் பிடிபடாத இசை என்று பலர் ஒதுங்கிப் போவதற்குக் காரணம், அதை மேலிருந்து கேட்பது. கீழிருந்து கேட்டால் அது தமிழ்க் காதுக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிடும்.

டபுள் பேஸை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. வயலின் குடும்பத்தின் மூத்த அண்ணன் மாதிரி உருவம். ஆள் உயரத்துக்குக் குறையாது. நின்றுகொண்டோ, உயரமான ஸ்டூலில் சாய்ந்துகொண்டோ, அணைத்துப் பிடித்து வாசிக்க வேண்டும். நான்கு கம்பிகள்: இ, ஏ, டி, ஜி. அடிக் கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். மனிதக் குரல் எதுவும் எளிதில் இறங்காத ஆழம் அது. வில் உண்டு, ஆனால் ஜாஸில் பெரும்பாலும் விரல்தான். பெருவிரலைப் பலகையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதையால் கம்பியை இழுத்து விடுவார்கள். நுனி விரலால் சுண்டினால் சத்தம் வரும், நாதம் வராது. வீணை போல மெட்டு கிடையாது. வயலின் போல வெறும் பலகைதான். ஒரு வித்தியாசம்: வயலினில் தலைப்பக்கத்து முதல் அரைச்சுரத்துக்கு விரல் நகர வேண்டிய தூரம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. டபுள் பேஸில் அதே அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் போக வேண்டும். இந்த வாத்தியத்தில் வேகமாக வாசிப்பவரின் இடக்கை ஒரு மாலையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

சின்ன வயதில் நான்கு வருடம் மிருதங்கம் படித்தேன். வடக்கு மாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எங்கள் வாத்தியார் வீடு. எல்லாப் பையன்களையும் போல எனக்கும் வலந்தலைதான் மிருதங்கம். விரல்கள் பொரிய வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் வாத்தியார் என் வலக்கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, "ஒரு மாசத்துக்குத் தொப்பி மட்டும்" என்றார். கச்சேரிக்கு முன்னால் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவையைக் குழைத்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வாத்தியார் வீட்டில் அந்த வேலை எனக்கு. வெள்ளை ரவையை வெந்நீர் தெளித்துப் பிசைந்து, காது மடல் பதத்துக்கு வந்ததும் தோலின் நடுவில் வட்டமாக ஒட்ட வேண்டும். கொஞ்சம் கூடினால் நாதம் அமுங்கிவிடும். குறைந்தால் தகரம் மாதிரி இருக்கும். சரியான அளவில் ஒட்டி, உள்ளங்கையின் அடிச்சதையால் அழுத்தி நகர்த்தினால் ஒரு 'கும்' எழுந்து வளையும் பாருங்கள், கும்கி என்போமே, அது வயிற்றில்தான் முதலில் விழும், அப்புறம்தான் காதுக்கு. டபுள் பேஸ்காரர் ஒரு சுரத்தை இழுத்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும்போது எனக்கு எழுவது அதே 'கும்'தான்.

தொப்பி என்று பேச வந்துவிட்டு பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சொல்லாமல் நகர முடியாது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற பழனி. இடக்கைக்காரர், அதனாலேயே மேடையில் உட்காரும் இடம் மாறும் என்று தொடக்கத்தில் வாய்ப்புகள் தட்டிப்போயின. அவருக்குத் துணை நின்று மேடையேற்றியவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பிள்ளையின் தொப்பி நாதத்தைப் பற்றி மூத்தவர்கள் பேசும்போது குரல் இறங்கிவிடும். 1958இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு இந்தியா வந்தபோது சென்னையில் அவர்களோடு கலந்து வாசித்தவர் இவர். டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோவும் பிள்ளையும் சேர்ந்தது இரு பக்கத்தாரும் நினைவு வைத்திருக்கிற சந்திப்பு. அந்தக் குழுவின் டபுள் பேஸ்காரர் யூஜின் ரைட். இரண்டு தாளக்காரர்களும் பேசிக்கொண்டிருக்கும்போது ரைட்டின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தொப்பிப் பக்கம்தான் என்று என் நெஞ்சம் சொல்கிறது. பயணம் முடிந்து போய் புரூபெக் வெளியிட்ட 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா' ஆல்பத்தில் 'கல்கத்தா ப்ளூஸ்' என்று ஒரு உருப்படி உண்டு. ஆனால் அந்த ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் ரைட் அல்ல, ஜோ பெஞ்சமின். நேரில் கேட்ட காது பதிவுக்கு வராமல் போய்விட்டது.

நம் மண்ணில் கீழ்நாதத்துக்குக் குறைவே இல்லை. தவிலின் தொப்பியில் பூவரசங்கழி விழும் இடம், உறுமியின் தோலில் வளைந்த குச்சி தேய்ந்து எழும் அந்த விம்மல், நாகஸ்வரத்துக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்ற ஒத்து. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த காது ஒன்றுதான் பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிப் போனது. அன்று அது மதுரை மாவட்டம். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துக்கு முட்டுக் கொடுப்பதில்லை, அது தனியாக ஒரு மெட்டு பாடும். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வரும் 'இளைய நிலா'வை எல்லோரும் கிட்டாருக்காகப் புகழ்வார்கள். அடுத்த முறை சசிதரனின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாடகருக்குக் கீழே இன்னொருவர் பாடிக்கொண்டே நடந்துவருவார்.

இதில் ஒரு வியப்பு உண்டு. அந்தப் பாட்டுகளை நாம் கேட்டது எதில்? டீக்கடை ரேடியோவிலும், கல்யாண வீட்டு மைக்செட் குழாயிலும். குழாயின் வாயில் 41 அதிர்வும் வராது, 80 அதிர்வும் வராது. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அது ஊமை. ஆனாலும் ஊர்க் கோடியில் நின்றவனுக்கும் பேஸ் கேட்டது. காரணம், ஒரு கம்பி அதிரும்போது அடிச்சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் வரிசையாக எழுகின்றன. அடிச்சுரம் வழியில் தொலைந்தாலும், மேற்சுரங்களின் இடைவெளியை வைத்து நம் மூளையே அதைக் கட்டி எழுப்பிக்கொள்ளும். மின்சார பேஸ் கிட்டாரின் மேற்சுரங்கள் கூர்மையானவை. ராஜா அதற்கு இடமும் விட்டு அமைத்திருந்தார். டபுள் பேஸின் மேற்சுரங்கள் மென்மையானவை, சீக்கிரம் அடங்கிவிடும். அதனால்தான் என் ஒற்றை ஸ்பீக்கரில் பால் சேம்பர்ஸ் முணுமுணுப்பாகிப் போனார். ஆக, இல்லாத அடிச்சுரத்தை நினைவால் கட்டிக் கேட்கிற பயிற்சி இந்த ஊர்க்காரர்களுக்கு நாற்பது வருடமாக உண்டு. ஜாஸ் பேஸைக் கேட்க இதைவிட என்ன தகுதி வேண்டும்?

இப்போது கொஞ்சம் இலக்கணம். பயப்பட வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த இலக்கணம்தான்.

நம் இசையில் தரை அசையாது. தம்புரா ஷட்ஜத்தைப் பிடித்துவிட்டால் மங்களம் வரைக்கும் அதே ஷட்ஜம்தான். ராகம் அந்த நிலையான தரைமேல் ஆடுகிறது. ஜாஸில் தரை நடக்கும். 'வாக்கிங் பேஸ்' என்று அவர்கள் சொல்வதே அதைத்தான். நான்கு எண்ணிக்கைக்கு நான்கு சுரம், ஒவ்வொரு அடிக்கும் ஒன்று, விடாமல். ஒவ்வொரு சுரமும் அடுத்த ஸ்வரக்கட்டு எங்கே போகிறது என்பதற்கு வழி சொல்லிக்கொண்டே போகும். இதை முதலில் கேட்கும் நமக்கு ஷட்ஜத்தைத் திருடிவிட்டார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நமக்குள்ளேயே இதற்கு ஒரு சாவி இருக்கிறது. சுருதி பேதம்.

மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே சுரம். ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் மத்யமாவதி. காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. மேலே இருந்தது அப்படியே இருக்க, கீழே தரை மாறியதும் பொருளே மாறிவிட்டது. கச்சேரியில் ஒரு வித்வான் ராக ஆலாபனை நடுவில் இதை இரண்டு நிமிடம் செய்து காட்டினால் அரங்கம் கைதட்டும். டபுள் பேஸ்காரர் இதை ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும், சில நேரம் ஒவ்வொரு அடியிலும் செய்கிறார். சாக்ஸபோன் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்திருக்கும். கீழே பேஸ் ஒரு படி இறங்கும். அதே நீண்ட சுரம், ஒரு கணம் முன்னால் ஆறுதலாக இருந்தது, இப்போது ஏக்கமாகிவிடும். சாக்ஸபோன்காரர் எதுவும் செய்யவில்லை, செய்தவர் பின்னால் நிற்கிறார். இதைப் பிடித்துவிட்டால் ஜாஸ் திறந்துகொள்ளும்.

எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது? நான் உங்களை ஒரு நிலவறைக்கு அழைத்துப் போகிறேன். நியூயார்க்கில் ஏழாவது அவென்யூவில் 'வில்லேஜ் வான்கார்ட்' என்று ஒரு இடம். 1935இல் தொடங்கியது. தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். ஆப்பு வடிவில் ஒடுங்கும் அறை, நூறு பேருக்கு மேல் அதிகம் உட்கார முடியாது. நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்கூட இதைவிடப் பெரிது. டபுள் பேஸின் வரலாற்றில் பாதியை அந்த நிலவறையில் வைத்தே சொல்லிவிடலாம்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பில் எவான்ஸின் மூவர் குழு. பியானோ, டிரம்ஸ், டபுள் பேஸ். பேஸ் வாசித்தவர் ஸ்காட் லஃபாரோ, 25 வயது. அதுவரைக்கும் பியானோ பேசும், பேஸ் தலையாட்டும். அன்று பேஸ் எதிர்வாதம் செய்தது. நான்கு அடிக்கு நான்கு சுரம் என்ற கணக்கையே விட்டுவிட்டு, பியானோ விட்ட இடத்தில் புகுந்து, வாக்கியத்தை முடித்துவைத்து, சில இடங்களில் பேசாமல் இருந்து பியானோவைத் தவிக்கவைத்து. நம் மேடையில் பாடகருக்கும் வயலினுக்கும் நடக்கிற உரையாடல் போல. அன்று பகலும் இரவுமாக வாசித்ததிலிருந்து இரண்டு ஆல்பங்கள் வந்தன: 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. முதல் ஆல்பத்தின் தொடக்க உருப்படியும் கடைசி உருப்படியும் லஃபாரோவின் சொந்த ஆக்கங்கள். அப்படி அமைத்ததற்குக் காரணம் உண்டு. பதிவு முடிந்து பதினோராம் நாள், ஜூலை 6ஆம் தேதி, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய பேஸ் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலேயே செய்த பழைய வாத்தியம். விபத்தில் அதுவும் சிதைந்தது. பின்னால் பெரும்பாடுபட்டுச் சீர்செய்தார்கள். அந்த ஆல்பத்தைப் போடும்போது கோப்பைகள் உரசும் சத்தமும், யாரோ சிரிப்பதும் கேட்கும். பத்தடி தூரத்தில் நடந்துகொண்டிருப்பது என்னவென்று தெரியாமல் மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதே வருடம் நவம்பர், அதே நிலவறை. சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன். உருப்படியின் பெயர் 'இந்தியா'. மேடையில் இரண்டு டபுள் பேஸ்கள்: ஜிம்மி கேரிசன், ரெஜி வொர்க்மேன். எதற்கு இரண்டு? கேட்டால் உடனே புரியும். தம்புரா வேண்டியிருக்கிறது. ஒருவர் தரையை அசையாமல் பிடித்துக்கொள்கிறார், மற்றவர் அதன்மேல் தாளத்தோடு அலைகிறார். நடந்துகொண்டே இருந்த தரையை கோல்ட்ரேன் அன்று நிற்கச் சொன்னார். 1963இல் 'இம்ப்ரெஷன்ஸ்' ஆல்பத்தில் அது வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தன் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தவர் அவர். அந்தப் பதிவை முதலில் கேட்டபோது எனக்கு வந்தது பெருமை அல்ல, ஒரு பதற்றம். நம் வீட்டு ஷட்ஜத்தை இவ்வளவு தூரத்தில் ஒருவர் இத்தனை தாகத்தோடு தேடியிருக்கிறாரே என்று.

கோல்ட்ரேன் 1967இல் மறைந்தார். அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் அந்தத் தேடலைத் தொடர்ந்தார். இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த ராமசாமி, ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்று சச்சிதானந்தர் ஆனார். 1969இல் வுட்ஸ்டாக் இசைத் திருவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய காவி உடைத் துறவி அவர்தான். ஆலிஸ் அவருடைய மாணவி ஆனார். 1971இல் வெளிவந்த ஆலிஸின் ஆல்பத்தின் பெயரே 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. ஜாஸ் உலகின் தலைசிறந்த ஆல்பங்களில் ஒன்றின் அட்டையில் ஒரு கொங்குநாட்டுக்காரரின் பெயர் இருக்கிறது. இது நம் பாடப் புத்தகங்களில் இருக்க வேண்டிய செய்தி என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஆல்பத்தின் முதல் உருப்படியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தம்புரா எழுகிறது. அதன்மேல் செசில் மெக்பீயின் டபுள் பேஸ் ஒரு சின்னச் சுரக்கோவையைத் தொடங்குகிறது. இறங்கி, தொட்டு, ஏறி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி. ஏறத்தாழ ஆறரை நிமிடம் அதுதான் அச்சு. ஹார்ப்பின் கம்பிகள் அருவி மாதிரி கொட்டுகின்றன, மணிகள் சிலிர்க்கின்றன, ஃபரோவா சாண்டர்ஸின் சாக்ஸபோன் நாகஸ்வரத்தை நினைவூட்டும் மூக்கொலியோடு மேலே வருகிறது. எல்லாம் வரட்டும் என்று மெக்பீ தன் கோவையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். தம்புராவும் பேஸும் ஒரே தரையில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று கேளுங்கள். தம்புராவுக்குத் தாளம் கிடையாது. அது காலத்துக்கு வெளியே மிதக்கிறது. பேஸ் அதே ஷட்ஜத்தைக் காலத்துக்குள் இழுத்து வருகிறது. சுருதிக்குக் கால் முளைத்தது போல. நான் ஒருமுறை சித்திரைத் திருவிழா இரவில், வைகையின் மணலில் உட்கார்ந்து, காதில் இதைப் போட்டுக் கேட்டேன். தூரத்தில் தவில். எது உள்ளே ஒலிக்கிறது எது வெளியே என்று சில கணங்கள் பிரிக்க முடியவில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். நம்மவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த காலம் அது. ஷக்தி குழுவின் முதல் ஆல்பத்தில் மிருதங்கம் வாசித்த ராமநாதபுரம் ராகவன் நமக்கு அடுத்த சீமைக்காரர். அந்தக் குழுவில் பேஸே கிடையாது. அதன் வயலின்காரர் எல். சங்கர் பின்னாளில் பத்துக் கம்பி இரட்டை வயலின் ஒன்றைச் செய்வித்து, டபுள் பேஸின் ஆழம் வரைக்கும் அதிலேயே இறங்கினார். கீழே ஏதோ குறைகிறது என்று அவர் காதுக்குப் பட்டிருக்க வேண்டும்.

2008இல் வந்த 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் கொஞ்சம் நிற்கலாம். ருத்ரேஷ் மகந்தப்பாவும் நம் கத்ரி கோபால்நாத்தும், இரண்டு சாக்ஸபோன்கள். கன்யாகுமரியின் வயலின், பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், ரெஸ் அப்பாசியின் கிட்டார். டபுள் பேஸில் கார்லோ டி ரோசா. அவருடைய சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். கத்ரி ராகத்தில் நிற்பார். தரை அசையக் கூடாது. மகந்தப்பா ஜாஸுக்குள் போவார். தரை நடந்தாக வேண்டும். பக்கத்திலேயே மிருதங்கத்தின் தொப்பி வேறு இருக்கிறது, அதே ஆழத்தில் மோதும். டி ரோசா தொப்பி பேசும் இடத்தில் ஒதுங்கி நின்று, அது விட்ட இடைவெளியில் மட்டும் சுரம் போடுகிற பகுதிகள் அதில் உண்டு. அந்த ஒதுக்கத்தில் இருக்கும் மரியாதையைக் கேட்டால் கண்ணில் நீர் வரும்.

அடுத்து, பியானோ கலைஞர் விஜய் ஐயர். 1971இல் நியூயார்க் மாநிலத்தில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதில் வயலின் படித்து, பியானோவைத் தானாகவே கற்றுக்கொண்டார். கணிதமும் இயற்பியலும் படித்தார். பிறகு பெர்க்லியில் அவர் செய்த முனைவர் ஆய்வு தாளம் உடம்பில் எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றியது. அவருடைய மூவர் குழுவில் டபுள் பேஸ் ஸ்டீஃபன் கிரம்ப், மெம்ஃபிஸ்காரர். டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். 2009இல் 'ஹிஸ்டாரிசிட்டி', 2012இல் 'ஆக்ஸலெராண்டோ', 2015இல் 'பிரேக் ஸ்டஃப்'. இந்த மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு ஆயுளுக்குப் போதும் என்பது என் எண்ணம். 'ஹிஸ்டாரிசிட்டி'யில் 'கலாங்' என்று ஒரு உருப்படி. யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்தவர், லண்டனில் பாடிய பாட்டு. மின்னணுத் தாளத்தில் உருவான பாட்டை மூன்று மனிதர்கள் கையால் வாசிக்கிறார்கள். ஈழத்துப் பெண்ணின் பாட்டு, தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளையின் பியானோ, நடுவில் அதைத் தாங்குவது மெம்ஃபிஸ்காரரின் நான்கு கம்பிகள். கிரம்பின் தனிச்சிறப்பு, சுரம் முடிந்த பிறகும் அதன் மரத்தை ஒலிக்க விடுவது. விரல் எடுத்த பின்னும் ஒரு 'ம்ம்ம்' தங்கும். ஐயரின் பியானோ கணக்கில் எவ்வளவு சிக்கிக்கொண்டாலும் அந்த 'ம்ம்ம்' நம்மை வழி தவற விடாது. 2021இல் 'அன்ஈஸி' ஆல்பத்திலிருந்து அந்த இடத்துக்கு லிண்டா மே ஹான் ஓ வந்தார். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அவருடைய பேஸ் கிரம்பைவிடப் பாட்டுத்தன்மை கூடியது. எனக்கு இருவரும் வேண்டும், தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தவர். ஹரிஷ் ராகவன். இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்தவர். எட்டு வயதில் தாளக் கருவிகளில் தொடங்கினார், மேற்கத்திய தாளமும் இந்திய தாளமும் சேர்த்து. டபுள் பேஸைத் தொட்டது பதினேழு வயதில்தான். பிறகு நியூயார்க் போனார். இன்று அந்த ஊரில் மிகவும் தேடப்படும் பேஸ்காரர்களில் ஒருவர். டிரம்பெட் கலைஞர் அம்ப்ரோஸ் அகின்முசிரியின் குழுவுக்குப் பல வருடங்கள் அவர்தான் அடித்தளமாக இருந்தார். 2017இல் அந்தக் குழுவின் இரட்டை ஆல்பம் ஒன்று வந்தது, 'எ ரிஃப்ட் இன் டெகோரம்'. பதிவான இடம் எது தெரியுமா? அதே வில்லேஜ் வான்கார்ட். லஃபாரோ நின்ற, கோல்ட்ரேன் தம்புரா தேடிய அதே நிலவறையில், ராகவன் என்று பெயர் கொண்ட ஒருவர் டபுள் பேஸை அணைத்து நிற்கிறார்.

தாளக்காரராக இருந்து பேஸுக்கு வந்தவர் என்பது அவர் வாசிப்பில் எனக்குத் தெரிகிறது. சுரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். அது எங்கே முடிய வேண்டும் என்பதில் இவருக்கு இருக்கும் கணக்கு அபூர்வம். தொப்பியில் உள்ளங்கையை வைத்து நாதத்தை மூடுவோமே, அதைப் போலக் கம்பியை மூடுகிறார். மூடிய பின் வரும் நிசப்தமும் தாளத்துக்குள் எண்ணப்படுகிறது. நம் கார்வை மாதிரி. இது என் காதின் துணிபு. அவரிடம் கேட்டுச் சொல்வதல்ல.

அவர் தலைமையில் வந்த முதல் ஆல்பம் 'கால்ஸ் ஃபார் ஆக்‌ஷன்', 2019. வெளியிட்ட வேர்ல்விண்ட் நிறுவனத்தை நடத்துபவரும் ஒரு பேஸ் கலைஞரே. ராகவன் தன்னைவிட இளையவர்களைச் சேர்த்துக்கொண்டார்: ஆல்டோ சாக்ஸபோனில் இம்மானுவேல் வில்கின்ஸ், வைப்ரஃபோனில் ஜோயல் ராஸ், பியானோவில் மைக்கா தாமஸ், டிரம்ஸில் குவேக்கு சம்ப்ரி. தலைவர் நான்தான் என்று நீளமாகத் தனி வாசிக்கிற ஆல்பம் அல்ல அது. பாட்டுகளின் எலும்பிலேயே பேஸ் இருக்கிறது. 2022இல் 'இன் டென்ஸ்' என்ற இரண்டாவது ஆல்பம் வந்தது. அதில் கிட்டாரும் இன்னும் அடர்ந்த நிறங்களும் உண்டு. எனக்கு முதலாவதில்தான் மனம் நிற்கிறது.

நேரம் ஆகிவிட்டது. ஒரு வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், இந்த வட்டாரத்தில் ஒரு கச்சேரி. மிருதங்கக்காரர் தொப்பிக்கு மைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். ஒலி அமைப்பாளர் அதைக் குறைத்துவிட்டு, "இரையுது சார்" என்றார். அன்று முழுக்க வலந்தலை மட்டும் கேட்டது. கும்கி ஒன்றுகூட என் வரிசைக்கு வந்து சேரவில்லை. பக்கத்தில் தம்புரா இல்லை, சுருதிப் பெட்டி இருந்தது. அந்தக் காலத்துக் குழாய்க்கு ஆழம் கிடையாது, ஆனால் நமக்கு அதைக் கட்டி எழுப்பும் காது இருந்தது. இன்று நம்மிடம் ஆள் உயர ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு கீழ்நாதத்தை இரைச்சல் என்று வெட்டி எறிகிறோம். சபா நடத்துகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். தொப்பிக்கென்று தனி மைக் வையுங்கள். மேடையில் ஒரு உண்மையான தம்புராவை உட்கார வையுங்கள். வாசிப்பவரின் இடக்கையும் வலக்கையும் ஒரே அளவு கேட்கிறதா என்று பின்வரிசைக்கு நடந்துவந்து சரிபாருங்கள். இது செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

இப்போது ஒரு உருப்படியை ஒலிக்கவிடப் போகிறேன். ஹரிஷ் ராகவனின் முதல் ஆல்பத்தில் இருப்பது. 'ஐ'ல் கோ அண்ட் கம் பேக்' என்று தலைப்பு. ஆங்கிலத்தில் யாரும் அப்படி விடைபெறுவதில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாம்தான் சொல்கிறோம், "போயிட்டு வாரேன்" என்று. அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கேட்டது என் அம்மாவின் குரல்.

மைக்செட் தம்பி, விசிறிகளைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள், சில நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வந்து சுவரோரமாக உட்காருங்கள், மூலையில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. கீழ்ச்சுரம் சுவரோரத்தில்தான் திரண்டு நிற்கும். உள்ளங்கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். தம்பி, போடலாம்.